குரோஷா பழக வருகிறவர்களுக்கு: கைக்கு முன்னால் கண்

குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னுகிற வேலை, பழக வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "எனக்குக் கை வராதுங்க" என்பதுதான். கை வந்துவிடும். ஊசியில் நூலைச் சுற்றி இழுப்பதை ஒரு சாயங்காலத்தில் யாரும் பிடித்துக்கொள்ளலாம். படுத்துவது வேறு. போட்டு முடித்த பின்னலைப் பார்த்து, இதில் எத்தனை கண்ணி (ஆங்கிலத்தில் ஸ்டிச்) இருக்கிறது, அடுத்தது எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அது தெரியாதவரைக்கும் வீடியோவை எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும், சதுரமாகத் தொடங்கியது முக்கோணமாகத்தான் முடியும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பெரம்பூரில் எங்கள் கீழ் வீட்டு டீச்சர். நாகர்கோவில்காரர், பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கம் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிப் பெண்கள் தொடங்கிவைத்த லேஸ் வேலைக்குப் பேர்போனது. ஆனால் அது திண்டில் குண்டூசி குத்தி, சின்னச் சின்னக் கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னுகிற லேஸ். குரோஷாவுக்கு ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூலும் இருந்தால் ஆயிற்று. "லேஸுக்குத் திண்டு வேணும், கட்டை வேணும், உக்கார இடம் வேணும். இதுக்கு மடி போதும்" என்பார் டீச்சர்.

முதல் நாள் அவர் என் கையில் ஊசியைத் தரவில்லை. பழைய மேஜை விரிப்பு ஒன்றின் ஓரத்தை நீட்டி, "இந்த வரிசையில எத்தனை கண்ணி? எண்ணிச் சொல்லு மக்களே" என்றார். புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அவர் ஓரத்தைச் சாய்த்து மேலிருந்து பார்க்கச் சொன்னார். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் நூல் இரண்டு இழையாகப் பிரிந்து ஆங்கில 'வி' எழுத்து வடிவில் சாய்ந்திருக்கிறது. ஒரு வி என்றால் ஒரு கண்ணி. ஊசி போக வேண்டியது அந்த இரண்டு இழைக்கும் அடியில். ஒரு இழையில் மட்டும் கோத்தாலும் பின்னல் வரும், ஆனால் துணியில் வரிவரியாக மேடு விழும். வேண்டுமென்றே அப்படிச் செய்கிற டிசைன்களும் உண்டு. தெரியாமல் செய்தால்தான் தொல்லை.

அதே துணியை நேராகப் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு வி-க்கும் கீழே ஒரு தண்டு நிற்கும். குட்டைத் தண்டு உள்ள கண்ணிக்குச் சிங்கிள் என்று பெயர், நெட்டைத் தண்டு உள்ளதற்கு டபுள். டபுளின் தண்டு நடுவே குறுக்காக ஒரு இழை சாய்ந்து ஓடும், அதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டே போகிற செயினிலும் முன்பக்கம் வி-தான், பின்பக்கம் சின்னச் சின்ன மேடுகள். ஊசியில் மாட்டியிருக்கும் சுருக்கு எப்போதும் கணக்கில் சேராது. தொடக்கத்தில் போட்ட முடிச்சும் சேராது. இவ்வளவும் மனதில் ஏறியபிறகுதான் ஊசியே கைக்கு வந்தது.

நூல் வாங்கும்போது அழகைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். கறுப்பு, கருநீலம், அரக்கு வேண்டாம். டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணி எது, நிழல் எது என்று தெரியாது. பல வண்ணம் கலந்த நூலும் வேண்டாம், நிறம் மாறுகிற இடமெல்லாம் கண்ணி மாறுகிற இடமாகத் தோன்றும். வெல்வெட் நூலும் ரோமம் நீட்டிக்கொண்டு நிற்கும் நூலும் தடவிப் பார்க்கச் சுகம்தான், ஆனால் அதில் கண்ணியைப் பார்க்கவே முடியாது, விரலால் தடவித்தான் எண்ண வேண்டும். பிரிக்கப் போனால் பஞ்சு உரிந்து கையோடு வரும். இன்ஸ்டாகிராமில் குண்டுப் பொம்மையைப் பார்த்துவிட்டு நேரே அந்த நூலைத்தான் வாங்கி வருகிறார்கள். நான் சொல்வது எலுமிச்சை மஞ்சள், ஆகாய நீலம், இளம்பச்சை மாதிரி வெளிர் நிறத்தில், வழவழப்பாக நன்றாக முறுக்கிய 8 ப்ளை (நடுத்தரத் தடிமன்) பருத்தி நூல். அதற்கு 4 மி.மீ. ஊசி. அக்ரிலிக் உல்லன் நூல் விலை குறைவு, பழகுவதற்குக் குற்றமில்லை. ஆனால் மே மாதத்தில் அரைப் போர்வை அளவுக்கு அக்ரிலிக் மடியில் கிடந்தால் தெரியும் சேதி.

சாமான் வாங்கப் பாரிமுனைப் பக்கம் போவது நல்லது. சௌகார்பேட்டையில் நாராயண முதலி தெருவும் சுற்றியுள்ள சந்துகளும் தையல் சாமான், ஆரி வேலைச் சாமான், மணி, லேஸ் என்று நிரம்பி வழிகிற இடம். காலையில் கடை திறந்த கையோடு போய்விட்டால் நூலைத் தொட்டுப் பார்க்க நேரம் கிடைக்கும். பதினொரு மணிக்கு மேல் மொத்த வியாபாரக்காரர்கள் நடுவில் நின்று ஒரே ஒரு பந்து கேட்டால் உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "குரோஷா நூல்" என்று மட்டும் கேட்டால் மெல்லிய வெள்ளைப் பந்தை எடுத்து நீட்டுவார்கள். அது மேஜை விரிப்புக்கானது, 1 மி.மீ. சொச்சம் இருக்கும் எஃகு ஊசியில் போடுவது. தொடக்கத்தில் அதைத் தொட்டால் கண்ணும் போகும், பொறுமையும் போகும். பெரிய வேலைக்கு வாங்குவதானால் எல்லாப் பந்திலும் லேபிளில் ஒரே லாட் எண் (எந்தத் தடவை சாயம் போட்டது என்பதற்கான எண்) இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பந்து கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். லாட் மாறினால் கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற நீலம் வீட்டு ஜன்னலோரம் இரண்டு நீலமாகப் பிரிந்து நிற்கும்.

ஊசிக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. இருபது ஊசி அடங்கிய வண்ணப் பெட்டி ஆன்லைனில் கண்ணைப் பறிக்கும், அதில் இரண்டைத் தவிர மற்றது பெட்டியிலேயே கிடக்கும். போனி என்ற பிராண்டின் அலுமினிய ஊசி எந்தக் கடையிலும் இருக்கும், 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அது நம் நீலகிரியில், ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் தயாராகிறது. விற்கிறவர்களிலேயே பலருக்கு அது தெரியாது. அளவை மி.மீ. பார்த்தே வாங்குங்கள். நம்பரை நம்பினால் எஃகு ஊசியில் நம்பர் ஏற ஏற ஊசி மெலிந்துகொண்டே போகும், பெரிய நம்பர் பெரிய ஊசி என்று நினைத்து வாங்கி வந்தால் குண்டூசி மாதிரி ஒன்று கையில் இருக்கும்.

இனி இறுக்கம். டீச்சர் என் கையைத் திருத்தியதைவிட ஊசியின் கழுத்தைத் தட்டியதுதான் அதிகம். கொக்கிக்குக் கீழே குறுகலான கழுத்து, அதற்கப்புறம் ஒரே தடிமனான உடல். 4 மி.மீ. என்று பொறித்திருப்பது உடலின் அளவு. புதிதாகப் பழகுகிறவர்கள் சுருக்கு நழுவிவிடுமோ என்ற பயத்தில் அதைக் கழுத்திலேயே வைத்துக்கொண்டு அடுத்ததைப் போட்டுவிடுவார்கள். கண்ணி கழுத்தளவுக்குச் சுருங்கும். அடுத்த வரிசையில் ஊசி நுழையாது, நுழைக்கிற மல்லுக்கட்டில் மணிக்கட்டு வலிக்கும், "எனக்குக் கை வராது" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. ஒவ்வொரு சுருக்கையும் உடல் வரைக்கும் ஏற்றிவிட்டு அடுத்ததைப் போடுங்கள். தொடக்கச் செயின் மட்டும் எல்லோருக்கும் இறுகும். அதை 5 மி.மீ. ஊசியில் போட்டுவிட்டு 4-க்கு மாறிக்கொள்ளலாம்.

இடக்கை நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலுக்கு மேலே விட வேண்டும். சுண்டுவிரல் நூலை அளந்து விடும், ஆள்காட்டி விரல் விறைப்பைப் பார்த்துக்கொள்ளும். பூக்கட்டத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடுகிறது. இறுக்கினால் காம்பு அறும், தளர்ந்தால் பூ உதிரும் என்ற அளவு அவர்கள் விரலில் ஏற்கெனவே இருக்கிறது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லிக்கொடுப்பவருக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே பார்த்துச் செய்யலாம். சென்னை வேர்வையில் நூல் விரலில் ஒட்டிக்கொண்டு ஓடாது, அலுமினிய ஊசியும் கிறீச்சிடும். அரைச் சிட்டிகை பவுடர் தடவிக்கொண்டால் போதும்.

சதுரம் முக்கோணமாகிற கதைக்கு வருகிறேன். 20 கண்ணி அகலத்தில் சிங்கிள் போட வேண்டுமென்றால் 21 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்க வேண்டும். வரிசை முடிந்ததும் ஒரு செயின் போட்டுத் திருப்ப வேண்டும். அந்த ஒரு செயின் உயரத்துக்காக மட்டும்தான், கண்ணியாகக் கணக்கில்லை. ஆகவே புது வரிசையின் முதல் சிங்கிள் முதல் வி-யிலேயே விழும். டபுளில் கணக்கே வேறு. அதே 20 கண்ணிக்கு 22 செயின் போட்டு நான்காவதில் தொடங்க வேண்டும், தாண்டிவந்த மூன்றும் சேர்ந்து ஒரு டபுள். திருப்பும்போது போடுகிற 3 செயினும் அதேபோல் ஒரு டபுளுக்குச் சமம், ஆகவே அடுத்தது இரண்டாவது வி-யில். வரிசைக் கடைசியில், போன வரிசையின் அந்த 3 செயின் உச்சியில் ஒன்று போட்டாக வேண்டும். அது வி மாதிரித் தெரியாது. ஓரத்தில் ஒடுங்கி, துணியோடு சேராததுபோல் நிற்கும். எல்லோரும் விட்டுவிடுவது அதைத்தான். வரிசைக்கு ஒன்று விட்டால் பத்து வரிசையில் அகலம் பாதி.

டீச்சரின் வளையலில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஒவ்வோர் ஊக்கு மாட்டிவிடுவார். திரும்பி வரும்போது ஊக்கு இருக்கிற இடத்தில் கண்ணி விழுந்தே தீர வேண்டும். கடையில் இதற்கென்று வண்ண வண்ணப் பிளாஸ்டிக் மார்க்கர் விற்கிறார்கள். ஊக்கு போதும். கணக்கு தப்பினால் பிரியுங்கள், தயங்கவே தயங்காதீர்கள். கைப்பின்னல் ஸ்வெட்டரில் ஊசி நழுவினால் ஒரு வரிசைக் கண்ணிகளும் அந்தரத்தில் நிற்கும். குரோஷாவில் உயிரோடு இருப்பது எப்போதும் ஒரே ஒரு சுருக்கு. அதில் ஒரு ஊக்கை மாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம்.

முதலில் என்ன செய்வது என்று கேட்டால் சூடான பாத்திரம் இறக்குகிற பிடித்துணி என்பேன். சதுரம், சிங்கிள் மட்டும், கோணலாக வந்தாலும் சமையலறையில் யாரும் குறை சொல்லப் போவதில்லை. பருத்தி நூலில்தான் போட வேண்டும். அக்ரிலிக் சூட்டில் உருகிக் கையைச் சுட்டுவிடும். இரண்டு சதுரம் போட்டு ஒன்றாகச் சேர்த்துத் தைத்தால் தடிமன் சரியாக இருக்கும். முடிக்கும்போது நூலை ஒட்ட வெட்டாமல் ஒரு சாண் விட்டு, முனை மழுங்கிய ஊசியில் கோத்து, கண்ணிகளுக்குள் போகிற திசையை இரண்டு மூன்று தடவை மாற்றி ஓட்டிவிட்டு வெட்டுங்கள். பருத்தி வழுக்கும், ஒரே திசையில் ஓட்டியது துவைத்ததும் வெளியே எட்டிப் பார்க்கும்.

நான் பெரும்பாலும் போட்டது ரயிலில். பெரம்பூரிலிருந்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் போகிற வண்டி பேசின் பிரிட்ஜ் பக்கம் சிக்னலுக்காக நிற்கிற நேரத்துக்கே இரண்டு வரிசை ஓடிவிடும். லேடீஸ் பெட்டியில் ஊசியை எடுத்தால் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. "இன்னாம்மா, ஒயர் கூடை மாதிரி நூல்ல கூடையா?" என்று காய்கறி மூட்டையோடு ஏறிய அக்கா ஒருத்தர் கேட்டார். பிடித்துணி என்றதும் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "ஓரம் ஒண்ணு உள்ள போயிருக்குது பார்" என்றார். குரோஷா தெரியாதவர், ஒயர் கூடை போட்டுப் பழகிய கண். நெரிசலில் கடினமான டிசைன் வேண்டாம், எண்ணிக்கொண்டிருக்கும்போது ஃபோன் வரும். ரயிலுக்கு நேர் வரிசை, வீட்டுக்கு வட்டம் என்று பிரித்துக்கொண்டேன்.

எழுத்தில் உள்ள டிசைனைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. அமெரிக்கக்காரர்கள் சிங்கிள் என்பதைப் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள், அவர்கள் டபுள் என்பதை இவர்கள் ட்ரெபிள் என்பார்கள். யூட்யூபில் அமெரிக்கக் கணக்கைக் கற்றுக்கொண்டு பழைய பிரிட்டிஷ் புத்தகத்தை எடுத்தால் உயரமே மாறிப்போகும். எங்காவது சிங்கிள் என்ற சொல் கண்ணில் பட்டால் அது அமெரிக்கக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளலாம், பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரில் ஒன்று கிடையாது. இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் படக்குறிப்பு இருக்கிறது. முட்டை வடிவம் செயின், பெருக்கல் அல்லது கூட்டல் குறி சிங்கிள், ஆங்கில 'டி' எழுத்தின் தண்டில் ஒரு கோடு போட்டால் டபுள். ஜப்பானியப் புத்தகமானாலும் படத்தைப் பார்த்துப் போட்டுக்கொண்டே போகலாம். கண்ணிகளை அடையாளம் தெரிந்தவர்களுக்குப் படம் படிப்பது எழுத்தைவிட எளிது.

வட்டம் போடுவதில் நினைவில் வைக்க வேண்டியது ஒரு வாய்ப்பாடு. சிங்கிளில் 6 கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு 6 கூட்ட வேண்டும். 6, 12, 18, 24, 30. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, மூன்றாவதில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, இப்படியே போகும். டபுளில் என்றால் சுற்றுக்கு 12. கூட்டியது போதாவிட்டால் கிண்ணமாகக் குழியும், அதிகமானால் ஓரம் அலையலையாக நெளியும். எண்ணாமலே, மேஜையில் வைத்துப் பார்த்தே எங்கே தப்பு என்று சொல்லிவிடலாம். கூட்டுவதை நிறுத்தினால் பக்கச்சுவர் எழும்பும், ஜப்பானிய அமிகுருமி பொம்மைகளின் உடம்பெல்லாம் இந்த ஒரு வித்தைதான். சுருளாகச் சுற்றிக்கொண்டே போவதால் சுற்று எங்கே தொடங்கியது என்று தெரியாது, முதல் கண்ணியில் ஊக்கு இல்லாமல் பொம்மையைத் தொடாதீர்கள். கைக்குழந்தைக்குக் கொடுக்கிற பொம்மையில் பிளாஸ்டிக் கண் வைக்காதீர்கள், பிய்ந்து வாய்க்குள் போகும். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் அளவு தப்புவது அடுத்த கட்டம். 2016 ஜனவரி 31 அன்று நம் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பல ஊர்ப் பெண்கள் தனித்தனியாகப் பின்னிய சதுரங்களை இணைத்தது அது. ஒருவர் கை இறுக்கம், ஒருவர் கை தளர்வு. கண்ணியை மட்டும் எண்ணியிருந்தால் ஒரு சதுரமும் இன்னொன்றோடு பொருந்தாது, ஸ்கேல் வைத்து அளந்தால்தான் உண்டு. ஆகவே மேலே போடுகிற துணியோ, நிறைய சதுரங்கள் சேர்கிற போர்வையோ என்றால் முதலில் 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு மாதிரி போட்டு, அதில் எத்தனை கண்ணி விழுகிறது என்று பாருங்கள். டிசைனில் சொன்னதைவிட அதிகம் விழுந்தால் பெரிய ஊசி, குறைவாக விழுந்தால் சிறிய ஊசி. கையை மாற்றப் போராடாதீர்கள்.

கண் பழகிவிட்டால் டிசைன் புத்தகமே தேவைப்படாத இடமும் வருகிறது. மாதவரத்தில் பெரியம்மா வீட்டு அலமாரியில் பழைய டிவி உறை ஒன்று கிடைத்தது, யார் போட்டது என்று யாருக்கும் நினைவில்லை. அதைக் கறுப்புப் போர்வையில் விரித்து இரண்டு பக்கமும் படம் எடுத்தேன். நடுவில் ஒரு வளையம், அதில் 24 டபுள், அதற்கு மேல் 5 செயின் வளைவுகள் என்று சுற்றுச் சுற்றாக எண்ணிக் கட்டம் போட்ட நோட்டில் குறித்தேன். முழுவதையும் எண்ண வேண்டியதில்லை. நாலில் ஒரு பங்கு எண்ணினால் மீதி மூன்றும் அதேதான். இற்றுப்போன இடத்தில் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். 8 ப்ளை நூலில் போட்டதில் அளவு பெரிதாகிவிட்டது, கடைசி மூன்று சுற்றை விட்டுவிட்டேன். பெரியம்மா பார்த்துவிட்டு, "இப்ப எந்த டிவி மேலடி இதைப் போடுவே, எல்லாம் சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றார். மிக்ஸிக்குச் சரியாக இருக்கிறது. நீங்களும் மிக்ஸிக்குப் போடுவதானால் வெள்ளை நூல் எடுக்காதீர்கள், மஞ்சள் கறை லேசில் போகாது.